பார்வையாளர் வேறு, வாடிக்கையாளர் வேறு!

சில மாதங்களுக்கு முன்னர், என்னிடம் பொருளியல் பயின்ற மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் இரண்டு தறிகள். தந்தையும் தாய்மாமனும் நெய்கிறார்கள். இடைத்தரகரை மட்டுமே நம்பியிருந்த விற்பனையைத் தாமே ஏற்று நடத்த விரும்பி, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி ஈராண்டுகள் ஆகின்றன. நலம் விசாரித்து முடித்ததும் ஒரு கேள்வியை என் முன் வைத்தார்.

"சார், சினிமா பாட்டு ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டு, சேலையை உடுத்திக்கொண்டு அரை நிமிடக் காணொலி போட்டேன். 3 லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு சேலைகூட விற்கவில்லை. இன்னொரு நாள், அறுந்துபோன பாவு இழைகளை அப்பா ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போடுவதை ஐந்து நிமிடம் அப்படியே எடுத்துப் போட்டேன். 900 பேர்தான் பார்த்தார்கள். ஆனால் நான்கு பேர் எழுதிக் கேட்டார்கள்; இருவர் வாங்கினார்கள். அவர்களில் ஒரு அம்மா இன்றுவரை என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார். இதில் எதை நம்பித் தொழில் செய்வது?"

இந்தக் கேள்வி அந்தப் பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஊறுகாய் போடுபவர், மண்பாண்டம் செய்பவர், மரச்செக்கு எண்ணெய் விற்பவர், தனிப்பயிற்சி நடத்தும் ஆசிரியர், புதிதாக அலுவலகம் திறந்த கணக்காளர் என இன்று சிறுதொழில் செய்யும் எல்லோரிடமும் "சமூக ஊடகத்தில் இருங்கள், அன்றாடம் ஏதாவது பதிவிடுங்கள்" என்று அறிவுரை கூறப்படுகிறது. எதைப் பதிவிடுவது, யாருக்காகப் பதிவிடுவது, அதனால் விளைவது என்ன என்பவை குறித்துத்தான் தெளிவு இல்லை. பொருளியல் ஆசிரியனாக இருந்த எனக்கு, இது புதிய கருவியில் எழுந்த பழைய கேள்வியாகவே தோன்றுகிறது.

வாடிக்கை என்னும் சொல்

விலை கொடுத்துப் பொருளை எடுத்துச் செல்பவரை 'வாங்குபவர்' என்கிறோம். அதே கடைக்குத் திரும்பத் திரும்ப வருபவரையே 'வாடிக்கையாளர்' என்கிறோம். வாடிக்கை என்றால் வழக்கம். ஆங்கிலத்தில் 'கஸ்டமர்' என்ற சொல்லும் வழக்கத்தைக் குறிக்கும் 'கஸ்டம்' என்பதிலிருந்து பிறந்ததே. ஒருநாள் நடக்கும் விற்பனையை அல்ல, பலநாள் நீடிக்கும் பழக்கத்தையே இரு மொழிகளும் இந்த உறவின் பெயராகக் கொண்டன.

மானிடவியல் அறிஞர் கிளிஃபோர்டு கீர்ட்ஸ், மொராக்கோ நாட்டின் செஃப்ரூ என்னும் சிறுநகரச் சந்தையை ஆராய்ந்து 1978-இல் ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் தரமும் சரியான விலையும் எவருக்கும் திட்டவட்டமாகத் தெரியாத அந்தச் சந்தையில், மக்கள் எல்லாக் கடைகளையும் ஏறி இறங்குவதில்லை. குறிப்பிட்ட சில வணிகர்களிடமே மீண்டும் மீண்டும் செல்கிறார்கள் என்பதை அவர் கண்டார். பேரம் உண்டு, பிணக்கும் உண்டு. ஆயினும் உறவு அறுவதில்லை. எவரிடம் எது நம்பகமானது என்று தேடி அலையும் செலவை அந்த வாடிக்கை மிச்சப்படுத்துகிறது என்பது அவருடைய விளக்கம்.

நம் ஊர்களிலும் இதுதான் நிலை. மளிகைக்கு ஒரு கடை, நகைக்கு ஓர் ஆசாரி, துணிக்கு ஒரு கடை என்று குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டிருந்தது பாசத்தினால் மட்டுமன்று. ஏமாறாமல் இருப்பதற்கான ஏற்பாடும்தான் அது. அந்த ஏற்பாடு ஒரே தெருவில், ஒரே ஊரில் இருந்தவர்களுக்குள் இயங்கியது. முகம் பார்த்தறியாத இருவரிடையே, செல்பேசித் திரையின் வழியாக அதை உருவாக்க முடியுமா என்பதே இன்றைய வினா.

நல்ல சரக்கு ஏன் தோற்கிறது?

1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய கட்டுரை ஒன்று பொருளியல் மாணவர் அனைவரும் அறிந்தது. பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்ட அக்கட்டுரையின் சாரம் எளியது. விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நல்லதற்கும் கெட்டதற்கும் இடைப்பட்ட ஒரு விலையையே தர முன்வருவார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுவது மோசமான கார்கள். இவ்வாறு, நேர்மையற்றவரால் ஏற்படும் நஷ்டம் ஏமாந்தவரோடு நிற்பதில்லை. நேர்மையான விற்பனையாளரின் பிழைப்பையும் அது கெடுக்கிறது. தகவல் ஏற்றத்தாழ்வு குறித்த ஆய்வுகளுக்காக அகெர்லாஃபும், மைக்கேல் ஸ்பென்ஸும், ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கைத்தறியின் துயரமும் இதுவே. புடவை உள்ளிட்ட சில வகைத் துணிகளில், வரையறுக்கப்பட்ட ரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்க 1985-இல் சட்டம் இயற்றப்பட்டது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. எனினும், விசைத்தறியில் சில மணி நேரத்தில் ஓடி முடிந்த சேலையும், கைத்தறியில் இரண்டு வாரம் உழைத்து நெய்த சேலையும் செல்பேசித் திரையில் ஒன்றுபோலவே மின்னுகின்றன. ஒன்றின் விலை மற்றொன்றின் விலையில் சிறுபகுதி. வேறுபாடு அறியாதவர் விலை குறைந்ததை வாங்குகிறார். அறிந்தவரோ ஏமாற அஞ்சி எதையும் வாங்காமல் நகர்கிறார். இருவராலும் பாதிக்கப்படுபவர் தறியில் அமர்ந்திருப்பவரே.

நானும் ஏமாந்தவன்தான். முகநூலில் கண்ட ஒரு விளம்பரத்தை நம்பி, குடும்ப விசேஷம் ஒன்றுக்காகப் பவானி ஜமக்காளம் இரண்டுக்குப் பணம் அனுப்பினேன். வந்தவற்றைப் பார்த்த உறவினர், நெசவு அறிந்தவர், கையால் தடவிப் பார்த்ததுமே இது விசைத்தறிச் சரக்கு என்றார். அந்தப் பக்கத்தின் கருத்துப் பகுதியில் நாகரிகமான மொழியில் என் வருத்தத்தை எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அது நீக்கப்பட்டது, நானும் தடுக்கப்பட்டேன். பணம் போனதைவிட, பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனதே உறுத்தியது. அதன்பின் ஓராண்டு காலம் இணையத்தில் எந்தக் கைத்தறித் துணியும் நான் வாங்கவில்லை. யாரோ ஒருவர் செய்த தவறுக்கு, பெயர் அறியாத எத்தனையோ நெசவாளர்கள் என் ஒருவனை இழந்தார்கள்.

பொய்யர் தர முடியாத சான்று

இந்த இக்கட்டிலிருந்து மீளும் வழியைத்தான் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய கட்டுரை காட்டியது. நல்லவர் தம்மை நல்லவர் என்று சொல்லிக்கொண்டால் போதாது. கெட்டவரும் அதையே சொல்லுவார். நல்லவருக்கு எளிதாகவும் கெட்டவருக்குக் கடினமாகவும் உள்ள ஒரு செயலைச் செய்துகாட்ட வேண்டும். அதுவே நம்பத்தக்க அடையாளம். ஸ்பென்ஸ் இதை வேலைவாய்ப்புச் சந்தைக்காகச் சொன்னார்; சமூக ஊடகப் பதிவுகளுக்கும் இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. 'இந்தப் பதிவை ஓர் ஏமாற்றுக்காரரும் எளிதாகப் போட்டுவிட முடியுமா?' என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

பளபளப்பான படத்தை எவரும் போடலாம். அடுத்தவர் படத்தைத் திருடியும் போடலாம். 'நூறு சதவீதம் அசல்' என்று எவரும் எழுதலாம். பண்டிகை வாழ்த்து, பொன்மொழி, திரைப்பாடலுக்கு அசைவு ஆகிய எல்லாம் எவருக்கும் இயலும். அதனால்தான் அவை லட்சம் பேரைச் சென்றடைந்தும் ஒருவரிடமும் நம்பிக்கையை விளைவிப்பதில்லை.

அறுந்த பாவைச் சேர்க்கும் காட்சி அத்தகையதன்று. அதற்குத் தறி வேண்டும், பாவு வேண்டும், அந்த இழைகளை அறிந்த விரல்கள் வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். மறுகரையில் உதவிக்கு ஓர் ஆள் அமர வேண்டும். அதைக் காட்டுபவர் தம் உழைப்பின் கணக்கையே காட்டுகிறார். விலை ஏன் அவ்வளவு என்று தனியாக விளக்க வேண்டிய அவசியம் அங்கே எழுவதில்லை.

ஆனால் காணொலியையும் திருடலாமே என்ற ஐயம் எழலாம். உண்மைதான், திருடுகிறார்கள். திருட முடியாதது ஒன்று உண்டு. அது உரையாடல். "தறியில் இப்போது என்ன ஓடுகிறது, காட்ட முடியுமா?" என்று ஒருவர் கேட்கும்போது, காணொலி அழைப்பில் தறிக்குழியைக் காட்டுவது திருடியவரால் இயலாது. முன்பணம் கொடுத்தவருக்கு, அவருடைய சேலை இரண்டு முழம் வளர்ந்ததும் ஒரு படம், முந்தி தொடங்கியதும் ஒரு படம் என்று அனுப்புவது அவரால் இயலாது. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நின்றபோது, "பத்து நாள் தாமதமாகும், வேண்டாம் என்றால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று எழுதுவதும் அவரால் இயலாது.

குறையைச் சொல்வதும் இவ்வகையைச் சார்ந்ததே. திரையில் தெரியும் நிறம் வெயிலில் சற்று மாறும். கையால் நெய்த துணியில் ஓரிடத்தில் இழை தடித்திருக்கும். இந்தச் சாயம் முதல் நனைப்பில் சிறிது இறங்கும். இவற்றை முன்கூட்டியே சொல்பவர் இரண்டொரு விற்பனையை இழக்கலாம். ஆனால் அவர் சொல்லும் நிறைகளை அதன்பின் எவரும் ஐயுற மாட்டார்கள். வாங்குவதிலும் கொடுப்பதிலும் அளவு தவறாத காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை போற்றுவதை இங்கே நினைவுகூரலாம்.

எதிர்மறையான கருத்துகளை அழிக்காமல் பதில் எழுதுவது இன்னும் பெரிய அடையாளம். ஒருவருடைய புகாருக்கு வெளிப்படையாகத் தரும் பதிலை நூறு பேர் மௌனமாகப் படிக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது தவறு நேர்ந்ததா என்பதை அன்று. நேர்ந்தபின் இவர் ஓடினாரா, நின்றாரா என்பதையே. என் கருத்தை அழித்த பக்கத்தினர், "தவறு நேர்ந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், ஒருவேளை இன்று அவர்களுக்காக நானே சாட்சி சொல்லிக்கொண்டிருப்பேன்.

விற்பதற்கு முன் உதவுவது

பயனுள்ள செய்தியைக் கொடுத்து வாடிக்கையாளரைப் பெறும் முறை இணையத்தோடு பிறந்ததன்று. வேளாண் கருவிகள் தயாரித்த அமெரிக்காவின் ஜான் டியர் நிறுவனம், 1895-இல் 'தி ஃபர்ரோ' என்ற பெயரில் உழவர்களுக்கான இதழ் ஒன்றைத் தொடங்கியது. அது இன்றும் வெளிவருகிறது. பிரான்ஸில் டயர் தயாரித்த மிஷ்லின் சகோதரர்கள், 1900-இல் கார் ஓட்டுவோருக்கான கையேட்டை வெளியிட்டு இலவசமாக வழங்கினர். டயரை மாற்றும் முறை, பழுது பார்ப்பவர் இருக்கும் ஊர், எரிபொருள் கிடைக்கும் இடம், தங்கும் விடுதி ஆகியவை அதில் இருந்தன. மக்கள் அதிகம் பயணம் செய்தால் டயர் தேயும் என்ற கணக்கு அதற்குள் இருந்தது உண்மையே. ஆனாலும் டயர் வாங்காதவருக்கும் அந்தக் கையேடு பயன்பட்டது. அந்தப் பயன்தான் பெயரை நிலைநிறுத்தியது.

இந்த அளவுகோலில், ஒரு நெசவாளர் குடும்பம் சொல்லித்தரக்கூடியவை ஏராளம். பட்டிழையை எரித்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழையோ உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். 2004-இல் வந்த 'சில்க் மார்க்' முத்திரை, துணி தூய பட்டு என்பதற்குத்தான் சான்று; அது கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்குச் சான்று அன்று. அதற்கெனத் தனியாகக் கைத்தறி முத்திரை 2006 முதல் இருக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் பல்லாயிரம் ரூபாய் கொடுப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. பட்டுச் சேலையை நெகிழிப் பையில் அடைத்து வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றிவைப்பது, அவ்வப்போது மடிப்பை மாற்றிவைப்பது, பாட்டியின் பழைய சேலையில் ஜரிகை பிரிந்தால் என்ன செய்வது ஆகிய குறிப்புகளைச் சேலை வாங்காதவரும் தேடிப் படிப்பார். என்றேனும் ஒருநாள் அவர் வீட்டில் திருமணம் வரும்போது, சொல்லித்தந்தவர் நினைவுக்கு வருவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நெசவாளரின் வறுமையைக் காட்டி இரக்கத்தைத் தூண்டும் காணொலிகள் பெருகிவருகின்றன. ஒழுகும் கூரையும் கண்ணீரும் வேகமாகப் பரவுகின்றன. இரக்கத்தால் ஒருவர் ஒருமுறை வாங்குவார். இரண்டாம் முறை வர மாட்டார். வாடிக்கை என்பது இருவர் சமமாக நின்று கொள்ளும் உறவு. திறனைக் காட்டினால் மதிப்பு வளரும். துயரத்தை விற்பனைக்கு வைத்தால் அது குறையும்.

எத்தனை பேர் போதும்?

'எனக்கு எத்தனை பின்தொடர்வோர் வேண்டும்?' என்ற கேள்விக்குத் தறியே விடை சொல்லும். நல்ல கோர்வைச் சேலை ஒன்றை நெய்து முடிக்க, வேலைப்பாட்டைப் பொறுத்து 10 முதல் 20 நாள்கள் ஆகும். பண்டிகை, மழை, உடல்நலக் குறைவு ஆகியவற்றைக் கழித்தால், ஒரு தறியில் ஆண்டுக்குச் சுமார் 20 சேலைகள் எனக் கொள்ளலாம். இரண்டு தறிகளுக்கு 40. ஒரு குடும்பம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சேலை வாங்கும் என்றால், என் மாணவிக்குத் தேவையானவை 80 குடும்பங்கள். வரவும் விலகலும் இருக்கும் என்று கூட்டிக் கணக்கிட்டாலும் 150-ஐத் தாண்டாது.

80 குடும்பங்களின் பெயரும், அவர்கள் வீட்டு விசேஷங்களும், விரும்பும் நிறங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும். 3 லட்சம் பேரோ எவருடைய நினைவிலும் அடங்க மாட்டார்கள். அப்படியே அத்தனை பேரும் சேலை கேட்டு வந்துவிட்டால், இரண்டு தறிகளைக் கொண்டு என்ன செய்வது? அந்த இடத்தில்தான், வெளியிலிருந்து விசைத்தறிச் சேலையை வாங்கித் தம் பெயரில் அனுப்பும் சபலம் தலைதூக்குகிறது. தன் உற்பத்தித் திறனுக்கு மீறிய புகழைத் தேடுவது சிறுதொழிலுக்கு ஆபத்து என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

இங்கிலாந்து வங்கியில் பணியாற்றிய பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட், 1975-இல் சொன்ன கருத்து பின்னர் அவர் பெயராலேயே ஒரு விதியாயிற்று. ஓர் அளவீட்டையே இலக்காக்கிக்கொண்டால் அது நல்ல அளவீடாக நீடிப்பதில்லை என்று அதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. விருப்பக்குறிகளுக்கு இது முற்றும் பொருந்தும். மக்களின் ஆர்வத்தை அறிய உதவிய அந்த எண்ணிக்கை, இலக்காக மாறிய நாளிலிருந்து விலைக்குக் கிடைக்கும் சரக்காகிவிட்டது. காசு கொடுத்துப் பின்தொடர்வோரைப் பெருக்குவது, தன் கடையில் தானே கூட்டமாக நின்றுகொள்வதற்கு ஒப்பானது. எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள், எத்தனை பேர் இன்னொருவரை அனுப்பினார்கள் என்பனவே பார்க்க வேண்டிய கணக்குகள். இவை பக்கத்தின் முகப்பில் தெரிவதில்லை. நோட்டுப் புத்தகத்தில்தான் தெரியும்.

சட்டமும் வாடகை நிலமும்

நம்பிக்கை என்பது நல்லெண்ணத்தை மட்டும் சார்ந்ததன்று. அதற்குச் சட்டத்தின் வரம்பும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளரிடமோ பரிந்துரைப்பவரிடமோ 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர் அந்தத் தொடர்பை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2022, 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. நுகர்வோர்போல் வேடமிட்டு விற்பனையாளரே மதிப்புரை எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. "இன்னும் இரண்டே சேலைகள்தான் இருக்கின்றன" என்று பொய்யான அவசரத்தை உண்டாக்குவதை, 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகள் 13-இல் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளன. பெரு நிறுவனங்களுக்குத்தான் இவையெல்லாம் என்று சிறுவணிகர் எண்ணிவிடலாகாது. சட்டத்துக்கு அஞ்சி அல்லாவிடினும், தம் பெயருக்கு அஞ்சியேனும் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

சமூக ஊடகம் நமக்குச் சொந்தமான இடம் அன்று என்பதையும் மறக்கலாகாது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. பல ஆண்டு உழைத்துப் பெற்ற பார்வையாளர்களை ஒரே இரவில் இழந்தவர்கள் பலர். 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. எந்தப் பதிவை எவருக்குக் காட்டுவது என்பதை அந்த நிறுவனங்களின் கணினிகளே முடிவு செய்கின்றன. அந்த விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன. எனவே, அறிமுகம் அங்கே நிகழட்டும். உறவு நம் கையில் இருக்கட்டும். வாடிக்கையாளரின் இசைவோடு அவருடைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் குறித்து வைத்துக்கொள்வதும், அவற்றை எவருக்கும் விற்காமலும் நாள்தோறும் வாழ்த்துச் செய்தி அனுப்பித் தொல்லை தராமலும் இருப்பதும் அறிவுடைமை.

தனி ஒருவரின் சுமையா?

இத்தனையும் சொன்ன பிறகு, இதன் எல்லையையும் சொல்வதே நேர்மை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சம் பேர். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். இவர்களில் பலர் பிறர் தரும் பாவுக்கும் ஊடைக்கும் கூலி நெசவு செய்பவர்கள். விற்பதற்கு அவர்களிடம் சொந்தச் சேலையே இல்லை. நெசவு, சமையல், பிள்ளைகள் என்று ஏற்கெனவே நாள் முழுதும் உழைக்கும் பெண்ணிடம், இரவில் காணொலியும் தொகுக்கச் சொல்வது எளிய அறிவுரை அன்று. 'சமூக ஊடகத்தில் இருந்தால் முன்னேறலாம்' என்று கூறி, கூலிப் பிரச்னையையும் நூல் விலைப் பிரச்னையையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிடக் கூடாது.

இந்தச் சுமையைத் தனி ஒருவரிடமிருந்து கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கிக்கொள்ள முடியும். 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ், சில ஆண்டுகளுக்கு முன்னர் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைச் சேலைகளோடு இணைத்து விற்றது நினைவிருக்கலாம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே, நெய்தவரின் முகம் தெரியவந்த முயற்சி அது. ஒவ்வொரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும், நெசவுக் குடும்பத்துப் பட்டதாரி ஒருவரை ஊதியம் கொடுத்து அமர்த்தி, உறுப்பினர்கள் அனைவரின் தறிகளையும் பதிவு செய்யவும், கேள்விகளுக்குப் பதில் எழுதவும், புகார்களைத் தீர்க்கவும் ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஆகும் செலவு, விழா விளம்பரப் பலகைகளுக்கு ஆகும் செலவைவிட மிகுதியாக இராது. அருகிலுள்ள கல்லூரிகளின் வணிகவியல், பொருளியல் துறைகள் இதைக் களப்பணியாக ஏற்கலாம்.

வாங்குபவர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. விலையைப் பாதியாகக் குறைக்கச் சொல்வதற்கு முன், எங்கே நெய்தது, யார் நெய்தது, எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கலாம். கிடைத்த சேலை நன்றாக இருந்தால் உண்மையாக நான்கு வரி எழுதலாம். நல்ல சரக்கைச் சந்தையில் தங்கவைக்கும் வேலையில் பாதி, கேள்வி கேட்டு வாங்குபவரின் கையில் இருக்கிறது.

மாணவியிடம் நான் சொன்ன பதில் சுருக்கமானது. "3 லட்சம் பேரை மறந்துவிடு. அந்த 900 பேருக்காக எடு. கேட்ட நான்கு பேருக்கும் அன்றன்றே பதில் எழுது. வாங்கிய இருவரின் பெயரை முதலில் நோட்டில் எழுதிக்கொள்" என்றேன். "வாங்காத இருவரின் பெயரையும்தான் எழுதி வைத்திருக்கிறேன் சார்" என்றார் சிரித்துக்கொண்டே. ஆசிரியர் சொல்ல மறந்ததை மாணவி அறிந்திருந்தார்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். நோட்டுப் புத்தகத்தில் 37 பெயர்கள் சேர்ந்திருக்கின்றனவாம். வாங்காத இருவரில் ஒருவர், மகளின் நிச்சயதார்த்தத்துக்கென்று அரக்கு நிறத்தில் ஒரு சேலை சொல்லியிருக்கிறாராம். தறியில் பாவு ஏறிவிட்டது என்றார்.

என்னுடைய ஓராண்டு விரதத்தையும் நான் முடித்துக்கொண்டேன். அந்த நோட்டில் 38-ஆவது பெயர் என்னுடையது.